கடைசிப் பந்தி

தப்பாகத் தொட்டுவிட்டான், முதல் பாட்டின் முதல் வரியிலேயே, ஆர்கனில் இடது கை ஒரு கட்டை தள்ளி விழுந்துவிட்டது, கோயிலில் இருக்கிற இத்தனை பேரில் யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது, தெரிந்ததும் உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம், ஆண்டவரே மன்னியும், இல்லை, மன்னிக்க வேண்டாம், இந்தச் சந்தோஷம் எனக்கு இருக்கட்டும், வேறென்ன வைத்திருக்கிறேன். ஆர்கன் வாசிக்கிறவன் என் புருஷன் கிங்ஸ்லி. பாடகர் குழுவுக்குத் தலைவனும் அவன்தான். அவன் பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறான், நான் பெண்கள் பக்கத்தில் பின்னால், தூணை ஒட்டி, மதினியோடு. போன கிறிஸ்மஸிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், இப்போது தேரி மணல் பறந்துவந்து பெஞ்சில் எல்லாம் சிவப்பாகப் படிகிற ஆடிக் காற்று. தூண் நல்ல தூண். அதை ஒட்டி உட்கார்ந்தால் அவன் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். எனக்குக் கையைத்தான் பார்க்க வேண்டும், கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், இத்தனை வருஷப் பழக்கம் அது. இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து, எல்லாரும் பந்தி பந்தியாகப் போய் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள், நான் வாங்கக் கூடாது. புருஷனோடு சமாதானமாகிற வரைக்கும் ஹெப்சிபா பந்திக்கு வர வேண்டாம் என்று சபைக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. கிங்ஸ்லி வரலாம். அவன் சமாதானத்துக்குத் தயாராக இருக்கிறானாம். நான் இன்றைக்குப் போகப் போகிறேன். காலையில் பல் தேய்க்கிறபோது முடிவு செய்தேன், மதினியிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், பீரோவிலிருந்து எடுத்த புடவைகளின் அந்துருண்டை வாசனையும் எழுந்து நிற்கிறது, நான் வாயைத் திறக்கிறேன், ஆல்ட்டோ. பாடகர் பெஞ்சிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், தொண்டையை எடுக்க முடியவில்லை. ஆல்ட்டோ என்பது கேட்கிறவர்களுக்குக் கேட்காத குரல், சோப்ரானோ ராகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஆண்களின் குரல் அடியில் நின்று முழங்கும், நடுவில் ஆல்ட்டோ இருந்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் மட்டும் என்னவோ குறைகிறதே என்பார்கள், குழம்பில் உப்பு மாதிரி. இப்போது என் இடத்தில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறான், அதுகளும் சோப்ரானோவையே தணிந்த குரலில் பாடுகின்றன, பாவம், அதுகளை என்ன சொல்ல. நான் தூணுக்குப் பின்னாலிருந்து என் வரியைப் பாடுகிறேன், முன் பெஞ்சுக்காரி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். இரண்டாம் வரியில் அந்த இறக்கம் வருகிறது, பல பாட்டில் ஆல்ட்டோவுக்கு வருகிற இறக்கம், அந்த இறக்கத்தில்தான் அன்றைக்கு. வேண்டாம், பாட்டைப் பாடு. அன்றைக்கு மத்தியானம், கிறிஸ்மஸ் பயிற்சிக்கு முன்னால், வீட்டு ஆர்மோனியத்தில் கை வைத்து ஆல்ட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்று, "நீ பாடுகது இறங்குது" என்றான். "இல்ல, கோயில்ல நீங்க வாசிக்கதுதான் தப்பு" என்றேன். உண்மையாகவே அவன் வாசித்ததுதான் தப்பு. மூடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னேன், மூடி விழுந்துவிட்டது என்று, சபையில் அவன் அதையும் மாற்றிக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னான், எனக்கே இரண்டு நாள் குளியலறை ஈரமாக இருந்ததாக ஞாபகம் வந்தது. மூடி விழவில்லை. அடித்து மூடினான். என் மணிக்கட்டு உள்ளே இருந்தது. அதிலிருந்து எது மூடினாலும் எனக்குத் தூக்கிப்போடுகிறது, டிபன் பாக்ஸ், பீரோ, அண்ணன் ஸ்கூட்டரின் சீட்டு, இதோ ஜெபத்துக்கு முன் பெஞ்சுக்காரர்கள் முழங்கால் பலகையை இறக்குகிறார்கள், தட், தட், தட், வரிசையாக என் பக்கம் வருகிறது, மதினி எங்கள் பலகையைக் கையால் பிடித்துச் சத்தமில்லாமல் இறக்கி வைக்கிறாள். அவளுக்குத் தெரியும். நான் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த ஐயர் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவு, கெட்டவராக இருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். கமிட்டி முடிவைச் சொன்ன அன்றைக்கு, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் என்னை உட்கார வைத்துக் காபி வரவழைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "கிங்ஸ்லி மேல தப்பில்லன்னு நான் சொல்லலம்மா. ஆனா அவன் கூட்டிட்டுப் போவத் தயாரா இருக்கான். நீதான் வரமாட்டேங்க. அப்ப சமாதானத்துக்குத் தடை யாரு, நீயே சொல்லு."

"ஐயா, என் கையைப் பாத்தியளா."

"பாத்தேன்மா."

"பாத்துட்டா சொல்லுதிய?"

அவர் காபியைப் பார்த்தார், நானும் காபியைப் பார்த்தேன், அதில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "கமிட்டி முடிவும்மா. எனக்கும் வருத்தந்தான்" என்றார். வருத்தமாம். ஆர்கன் வாசிக்க வேறு ஆள் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, பாளையங்கோட்டையிலிருந்து ஆள் கூட்டிவந்தால் பஸ் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது, எனக்குப் பதிலாக ஆல்ட்டோ பாட இரண்டு பிள்ளைகள் போதும். ஆண்டவரே, நீர் கணக்குப் பார்த்தால் எப்படிப் பார்ப்பீர் என்று தெரியாது, கமிட்டி இப்படித்தான் பார்க்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிருந்துக்கும் பெஞ்சு காலியாகும், எல்லாரும் என் முழங்காலைத் தாண்டிப் போவார்கள், நான் மட்டும் உட்கார்ந்து மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன், திரும்பி வருகிறவர்கள் வாயில் அப்பத்தோடு என்னைப் பார்க்காமல் உட்காருவார்கள், அந்தப் பார்க்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னான், "அடுத்த தெருல ஜெப வீடு இருக்குல்லா, அங்க போயேன், அங்க ஒன்னய ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று. நான் ஏன் போக வேண்டும். ஞானஸ்நானம் எடுத்தது இங்கே, அம்மாவை அடக்கம் பண்ணப் பெட்டியைத் தூக்கிப் போனது இந்த வாசல் வழியாக, தாலி கட்டினதும் இங்கேதான், சரி, அதை விடு. போக வேண்டியவன் போகட்டும்.

அதுவும் போகட்டும், அது மட்டும் காரணம் இல்லை. காரணம் கிறிஸ்மஸ் காலை. மாவுக்கட்டுப் போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆர்கனுக்குப் பக்கத்தில் என் இடத்தில் நின்றேன், அவன் முழங்கை என் இடுப்பில் படுகிற தூரம், வருகிறவர்கள் எல்லாம் அய்யோ பாவம் வழுக்கி விழுந்துட்டாளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், நான் சிரித்தேன், கட்டுக்குள்ளே அரித்தது, அதற்கு மேல் வேறெதுவும் தோன்றவில்லை, மரக்கட்டையாக நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில், எந்த வார்த்தை என்று சொல்லத் தெரியவில்லை, என் குரல் மற்ற மூன்று குரல்களுக்கு நடுவில் போய்ச் சரியாக உட்கார்ந்தது, உட்கார்ந்ததும் எனக்குப் பயம் இல்லை. அவ்வளவுதான். தரிசனம் ஒன்றும் இல்லை, தேவதூதன் யாரும் வரவில்லை. பயம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், கழுத்தில் இல்லை, வயிற்றில் இல்லை. பக்கத்திலேயே அவன் கை ஓடிக்கொண்டிருக்கிறது, நான் அந்தக் கைக்குப் பாடவில்லை. உமக்குப் பாடினேன். நீர் கேட்டீர், கேட்கிறீர் என்று எனக்குத் தெரிந்தது, அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிவதுபோல் தெரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தேன், அவன் பைக்கை உதைத்துவிட்டு, "ஏறு" என்றான். நான் ஏறவில்லை. கேக் டப்பாவும் பட்டுப்புடவையுமாக வந்த கூட்டத்துக்கு நடுவே நடந்தேன், அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் நடந்தேன், மதினி ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள், அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமலே, "செருப்ப கழத்திட்டு உள்ள வாட்டி" என்றாள். என்னைக் கட்டவிழ்த்துவிட்ட இடம் இந்தக் கோயில். இங்கே பாடித்தான் நான் நடக்கத் தெரிந்துகொண்டேன். இந்த இடத்திலேயே எனக்குப் பந்தி இல்லை என்றால் அது எப்படி.

ஐயர் அப்பத்தைப் பிட்டாயிற்று. அழைப்பு சொல்லியாயிற்று. முன்வரிசை எழும்புகிறது, அடுத்து, அடுத்து, பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள், இனி ஆராதனை முடிகிறவரை பாட்டு நிற்காது, ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி முழங்கால் போடும். நானும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறேன். எங்கள் பெஞ்சு. மதினி எழும்புகிறாள், வழக்கம்போல் நான் காலை மடக்கி வழி விடுவேன் என்று நிற்கிறாள், நானும் எழுந்து நிற்கிறேன்.

"ஏ ஹெப்சி, வேண்டாம்ட்டி."

"நடங்க மதினி."

"ஒங்கண்ணன் அங்க ஒக்காந்து பாத்துட்டு இருக்காவ."

"பாக்கட்டும். நடங்க."

நடந்தாள். நல்லவள், நடந்துவிட்டாள். நடு வழியில் போகும்போது அண்ணன் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் திரும்பிவிடுவேன், செருப்பில்லாத காலுக்கடியில் மணல் நறநறவென்கிறது, ஆர்கன் பக்கத்தில் வரவர அந்தக் கை பெரிதாகிக்கொண்டே வருகிறது, ஒரு நொடி தாளம் தடுமாறியது, பார்த்துவிட்டான். பார். நன்றாகப் பார். பீடத்தைச் சுற்றின கிராதித் தடுப்புக்கு முன்னால் முழங்கால் போட்டேன், இடதுகை மேல் வலதுகையை வைத்து ஏந்தினேன், மணிக்கட்டு வலித்தது, ஏந்துகிற வாட்டத்தில் வைத்தால் அது எப்போதும் வலிக்கும். ஐயர் தட்டோடு வருகிறார், மதினிக்கு வைத்தார், அங்கியின் ஓரம் என் விரலில் உரசியது, எனக்கு அடுத்தவளுக்கு வைத்தார். தாண்டிப் போய்விட்டார். தெரிந்ததுதான், தெரிந்துதானே வந்தேன், ஆனாலும் வெறுங்கையில் காற்றுப் பட்டதும் கண் நிறைந்துவிட்டது, அழாதே, அழுதால் பாவம் என்பார்கள், அழாதே. பின்னால் ரசப் பாத்திரத்தோடு வந்த, ஐயருக்குத் துணையாக நிற்கிற உபதேசியாரும் தாண்டினார். ஐயர் நடுவில் நின்று, சமாதானத்தோடே போங்கள் என்றார், பந்தி முழுக்க எழுந்தது. நான் எழவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் எழ வேண்டும், எங்கள் சபையில் அதுதான் வழக்கம், இலையில் பரிமாறாமல் ஒருத்தியை எழும்பச் சொல்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவர் குனிந்தார். "எழும்பும்மா" என்றார், உதடு அசையாமல்.

"எனக்கு இன்னும் தரல ஐயா."

மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் ஆல்ட்டோக் குரல், முன் பெஞ்சு வரைக்கும் கேட்டுவிட்டது. அவர் நிமிர்ந்து அடுத்த பந்தியைக் கை காட்டினார். என்னைச் சுற்றி வந்து முழங்கால் போட்டார்கள், ஒருத்தி கொஞ்சம் தள்ளிப் போட்டாள், ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ. தட்டு வந்தது, தாண்டியது. சமாதானத்தோடே போங்கள். அடுத்த பந்தி. தட்டு வந்தது, தாண்டியது. முழங்கால் மரத்துப்போய்விட்டது, அண்ணன் நாளைக்குக் கடையைத் திறக்கும்போது நாலு பேர் கேட்பார்கள், கமிட்டி கூடும், மொத்தமாகச் சபையிலிருந்தே நீக்கிவிட்டால் நாளைக்கு என்னைப் புதைக்க இடம் தருவார்களா, சிரிப்பு வந்துவிட்டது, செத்த பிறகு எங்கே போட்டால் என்ன, நான் உயிரோடு வந்து முழங்கால் போட்டிருக்கிறேன், இதற்கு முதலில் வழி சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை தட்டு தாண்டும்போதும் வலி கொஞ்சம் குறைந்தது. கை கீழே இறங்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முழங்காலில் நின்றபடியே நானும் பாடினேன், ஆண்டவரே, இவர்கள் தராவிட்டால் இல்லை என்றாகிவிடுமா, உம்முடைய வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னை எழுப்ப வேண்டுமானால் நீர் வந்து எழுப்பும்.

கடைசிப் பந்தி பாடகர் குழு. அவர்களோடு ஆர்கன் வாசிக்கிறவனும் வருவான், அந்த ஒரு பந்திக்கு ஆர்கன் நின்றுவிடும், சபை தானாகப் பாடும், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் சுருதி படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு மாதமும் இறங்கும், திரும்பிப் போய் அவன் ஆர்கனைத் தொடும்போது சபை ஒரு பக்கம் ஆர்கன் ஒரு பக்கமாக நிற்கும், எல்லாரும் சங்கடமாக இருமுவார்கள். ஆர்கன் நின்றது. மூடியை மூடினான். தட். தூக்கிப்போட்டது, பாட்டு நின்றுவிட்டது எனக்கு. நடந்து வருகிற காலடி எனக்குத் தெரியும், எத்தனை சாயங்காலம் அதைக் கேட்டு அடுப்படியில் நின்றிருக்கிறேன். எனக்கு அடுத்த இடம்தான் காலியாக இருந்தது. முழங்கால் போட்டான். பவுடர் வாசனை. ஏந்தின அவன் இரண்டு கையும் என் ஏந்தின கைக்குப் பக்கத்தில், நகம் வெட்டி, சுத்தமாக.

"எழும்பிப் போயிரு" என்றான், தலை குனிந்து ஜெபிப்பதுபோல். "அசிங்கப்படுத்தாத. வீட்டுக்கு வருவல்லா, அப்ப இருக்கு."

வீட்டுக்கு வருவல்லா. இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என்னவோ அறுந்தது, நான் வர மாட்டேன், எந்த வீட்டுக்கு, நான் வர மாட்டேன், அதை உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. பின்னால் சபை இழுத்து இழுத்துப் பாடுகிறது, சுருதி சரியத் தொடங்கிவிட்டது, எனக்குப் பொறுக்காது, சரிகிற சுருதியை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது, பிறகு குரல் வந்தது. மெதுவாக இல்லை, முழுக் குரலில், என் வரியை, நடுவரியை, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பிடித்தேன். முன் பெஞ்சுக்காரர்கள் தடுமாறி நிமிர்ந்து என் குரல் மேல் ஏறிக்கொண்டார்கள், அப்படியே பின்னால் பின்னால் சரியாகிக்கொண்டே போனது, மதினியின் கீச்சுக் குரல் தனியாகக் கேட்டது, அவளுக்குப் பாடவே வராது, கத்திப் பாடுகிறாள். பக்கத்தில் ஒரு கை அப்பத்தை வாங்கி வாயில் போட்டது. போடட்டும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு இல்லாமல் போயிருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவன் பக்கத்தில் இருக்கும்போது, கண்ணை மூடினேன்.

சமாதானத்தோடே போங்கள். பாடகர் குழு எழுந்து போனது. அவனும் போனான். கிராதிக்கு முன்னால் நான் ஒருத்தி. தட்டில் அப்பம் மீந்திருந்தது, பார்க்காமலே தெரியும், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மீதியாகும். மீந்ததை வைத்துவிடக் கூடாது, எறியவும் கூடாது, ஐயரே பீடத்தடியில் நின்று உட்கொண்டு தீர்க்க வேண்டும், இது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் என் பங்கு இருக்கிறது. என் கண் முன்னால் அவர் அதைச் சாப்பிட வேண்டும்.

இரண்டு சரணத்துக்கு நடுவில் குனிந்தார். "ஹெப்சி, எழும்பும்மா. நான் முடிக்கணும்."

"முடிங்க ஐயா. சாப்பிட்டு முடிங்க. நான் பாட்டு முடிஞ்சதும் எழும்புதேன், இன்னும் ஒரு சரணம் கெடக்கு."

அவர் பீடத்தின் பக்கம் திரும்பினார். தட்டிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன், கை மேலே போனதைப் பார்த்தேன், வாய்க்குப் பக்கத்தில் போய் அது நின்றது. வெஸ்ட்ரியில் ஆடை படிந்த காபியைப் பார்த்தபடி இருந்தாரே, அதே மாதிரி நின்றார். கடைசிச் சரணத்தை நான்தான் எடுத்தேன், சபை கூடவே வந்தது, அப்போது ஆர்கன் மூடி தட்டென்று திறக்கிற சத்தம் கேட்டது, எனக்குத் தூக்கிப்போடவில்லை, அவன் தொட்டான், ஆர்கன் வந்து எங்களோடு சேர்ந்தது, ஒரு மயிரிழை விலகல் இல்லாமல் சேர்ந்தது, நான் பிடித்து வைத்திருந்த சுருதியில் அவன் வந்து சேர வேண்டியிருந்தது. கண்ணை மூடிப் பாடினேன். இரண்டாவது வரியின் இறக்கத்தில், அதே இறக்கத்தில், உள்ளங்கையில் எடை இல்லாத ஒன்று வந்து படிந்தது. எதிரே ஐயர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அடுத்து ரசம் தர, பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எனக்காக நிற்கிறார் என்று தெரிந்தது. நிற்கட்டும். நான் ஆமென் வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் அதை வாயில் போட்டேன்.